முகர்ந்துவிட்டு முகம் திருப்பும் பூனைக்கு: சத்து மருந்து கலந்து கொடுக்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுப் பூசணிக்கு அப்போது பன்னிரண்டு வயது. ஆரஞ்சு நிறம். ஒரு காலத்தில் 5 கிலோவுக்கு மேல் இருந்தாள், பெயர் அப்படி வந்ததுதான். சிறுநீரகம் பழுதாகத் தொடங்கிவிட்டது என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்த அன்று எடை 3.8 கிலோ. டாக்டர் நான்கு பொருட்கள் எழுதித் தந்தார்: பாஸ்பரஸைக் கட்டுப்படுத்தும் பொடி, பொட்டாசியம், பி12, மீன் எண்ணெய். கடையிலிருந்து வந்த கையோடு நான்கையும் அவளுக்கு உயிரான மத்தி மீனில் கொட்டிப் பிசைந்து வைத்தேன். முகர்ந்தாள். ஒரு வாய் எடுத்தாள். தலையை உதறிப் பின்வாங்கி, முன்னங்காலால் தரையைச் சுரண்டி, மண் தள்ளி மூடுவதுபோல் கிண்ணத்தை மூடப் பார்த்தாள். மறுநாள் ஒன்றும் கலக்காத மத்தியையும் தொடவில்லை. அதற்கு மறுநாள் கிண்ணம் இருந்த மூலைப் பக்கமே வரவில்லை.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்று சொல்லிவைத்தவர் நிச்சயம் பூனை வளர்த்தவர். சத்து மருந்து ஒரு வேளை தவறினால் அடுத்த வேளை பார்த்துக்கொள்ளலாம். கிண்ணத்தின்மேல் பூனைக்கு இருக்கும் நம்பிக்கை போய்விட்டால் அதைத் திரும்பப் பெற வாரக்கணக்காகும். நோயாளிப் பூனைக்கு அத்தனை அவகாசம் இருக்காது. கீழே சொல்லும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கணக்கை வைத்துத்தான்: சாப்பாடு முதலில், மருந்து அதற்குப் பிறகு. எந்த மருந்து, எவ்வளவு என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். அதை உள்ளே போக வைப்பது பற்றி மட்டும் நான் பேசுகிறேன்.

படி 1: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

நாய் இரண்டு நாள் பட்டினி கிடந்தால் பெரும்பாலும் தாக்குப்பிடிக்கும். பூனையின் உடம்பு அப்படியில்லை. உணவு நின்றதும் உடம்பிலுள்ள கொழுப்பு கரைந்து கல்லீரலுக்கு வந்து குவிகிறது. அவ்வளவு கொழுப்பைக் கையாளப் பூனையின் கல்லீரலுக்குத் திறன் போதாது. சில நாள் பட்டினியிலேயே கல்லீரல் கொழுப்பேறி அடைத்துக்கொள்ளும். குண்டுப் பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். “நல்லா கொழுகொழுன்னுதானே இருக்கு, ரெண்டு நாள் சாப்பிடலன்னா என்ன?” என்று கேட்பவர்கள் கவனிக்க.

ஆகவே விதி எளிது. பெரிய பூனை முழுதாக 24 மணி நேரம் ஒன்றும் சாப்பிடாவிட்டால் டாக்டருக்கு ஃபோன் செய்யுங்கள். குட்டியென்றால் அதற்கும் முன்பே. ஈறும் கண்ணின் வெள்ளையும் மஞ்சளாகத் தெரிந்தாலோ, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, ஆண் பூனை மணல் தட்டில் முக்கி முக்கியும் சிறுநீர் வராமல் தவித்தாலோ, இந்தக் கட்டுரையை மூடிவிட்டு வண்டியை எடுங்கள்.

படி 2: ஏன் சாப்பிடவில்லை என்று கண்டுபிடியுங்கள்

“அதுக்குத் திமிர்” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதல் தீர்ப்பு. நல்ல ஆரோக்கியத்தில் இருக்கும் பூனைக்குத் திமிர் இருக்கலாம், மறுப்பதற்கில்லை. நோயாளிப் பூனை மறுக்கிறது என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: மூக்கு, வாய், வயிறு. கிண்ணத்தின் முன் அது நடந்துகொள்ளும் விதத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

மூக்கடைத்த பூனை கிண்ணத்தின் அருகே வரும், குனியும், ஒன்றுமே இல்லாத இடத்தைப் பார்ப்பதுபோல் பார்க்கும். வாசனை வராத பொருள் அதற்கு உணவே இல்லை. சளிக்காய்ச்சல் வந்த பூனைகள் பட்டினி கிடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மூக்கைத் துடைத்துவிடுங்கள். நீங்கள் வெந்நீரில் குளித்து முடித்த குளியலறையில், ஆவி அடங்குமுன், பத்து நிமிடம் அதை உட்கார வையுங்கள்.

வாய்வலி உள்ள பூனைக்குப் பசி இருக்கும். ஓடி வரும், ஒரு வாய் கவ்வும், ‘வீல்’ என்று கத்திவிட்டு விலகும். அல்லது ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து மெல்லும், பாதி கீழே விழும். உதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறு ரத்தச் சிவப்பாக இருந்தால் அங்கே எந்தப் பொடியும் வேலைக்காகாது. பல்லையும் ஈறையும் பார்த்த பிறகுதான் மற்றது.

மூன்றாவது குமட்டல். சிறுநீரகம், கல்லீரல், கணையக் கோளாறுகளில் இதுதான் முக்கிய எதிரி. உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், எச்சில் வடியும், உணவைக் கண்டதும் முகத்தைத் திருப்பும், பூசணி செய்ததுபோல் மூடப் பார்க்கும். குமட்டலோடு இருக்கும் பூனைக்கு விருப்ப உணவை மூக்கருகே நீட்டுவது பெரிய தவறு. 1955-இல் உளவியலாளர் ஜான் கார்சியா எலிகளை வைத்துக் காட்டியது இதைத்தான்: எலிகள் இனிப்பு நீர் குடித்த நேரத்தில் கதிர்வீச்சால் அவற்றுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. பழியை அவை நீரின் சுவையின்மேல் போட்டுவிட்டன, பிறகு அதைத் தொடவில்லை. பூனையும் அப்படியே. வயிற்றைப் புரட்டியது நோய், பழி மத்திக்கு.

குமட்டலுக்கு மரோபிடன்ட் போன்ற மருந்துகள் உண்டு. பசியைத் தூண்ட மிர்ட்டாசபின் தருவார்கள். அடிப்படையில் அது மனிதர்களின் மனச்சோர்வுக்கான மாத்திரை. பூனையின் காதுமடல் உட்புறம் தடவும் களிம்பாக அமெரிக்காவில் 2018-இல் அனுமதி பெற்றது. வாய்வழியே எதுவும் இறங்காத பூனைக்குக் காது வழியே பசி வருகிறது என்பது எனக்கு இன்றும் வியப்புதான். இவற்றை டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். குமட்டல் அடங்காமல் கலவை வித்தைகளில் இறங்குவது வீண்வேலை.

படி 3: தேன் பாட்டிலைத் தள்ளி வையுங்கள்

கசப்பு மருந்தென்றால் நம் கை தானாகத் தேனுக்குப் போகும். பாட்டி காலத்துப் பழக்கம். பூனையிடம் அது செல்லாது. இனிப்பை உணரும் ஏற்பியின் ஒரு பாதியை உருவாக்க வேண்டிய மரபணு பூனைக் குடும்பத்தில் பழுதாகிக் கிடக்கிறது. ஃபிலடெல்ஃபியாவின் மோனெல் ஆய்வு மையத்தைச் சேர்ந்தவர்கள் 2005-இல் இதை வெளியிட்டார்கள். வீட்டுப் பூனைக்கு மட்டுமல்ல, புலிக்கும் இதே கதைதான். சர்க்கரைப்பாகு சேர்த்த குழந்தைகள் டானிக், பூனையைப் பொறுத்தவரை இனிக்காத, பிசுபிசுப்பான, மருந்து வாடை அடிக்கும் ஏதோ ஒன்று. கசப்பை மட்டும் அது நன்றாகவே உணரும்.

பூனையை இழுப்பவை மூன்று: இறைச்சி வாசனை, கொழுப்பு, சூடு. கடைசியைப் பலர் கவனிப்பதில்லை. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த உணவில் வாசனை எழாது. பூனையின் உடல் வெப்பம் ஏறக்குறைய 38 டிகிரி. அப்போதுதான் பிடித்த எலியின் சூடும் அதுதானே. உணவுக் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்தில் சில நிமிடம் வைத்து, உங்கள் மணிக்கட்டில் ஒரு துளி வைத்துப் பாருங்கள். கைக்குழந்தைப் பால் சூடு, அவ்வளவுதான். மைக்ரோவேவில் வைத்தால் அங்கங்கே கொதித்துக் கிடக்கும், நன்றாகக் கிளறாமல் வைக்காதீர்கள். உணவைச் சூடாக்கிய பிறகே மருந்தைச் சேர்க்க வேண்டும். புரோபயாடிக் கிருமிகளும் சில வைட்டமின்களும் சூட்டில் வீணாகிவிடும்.

படி 4: மருந்துச் சீட்டைக் கூறுபோடுங்கள்

சீட்டில் இருப்பதையெல்லாம் உணவில்தான் கலக்க வேண்டும் என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். ஒவ்வொன்றையும் சுட்டி டாக்டரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது உணவோடுதான் போக வேண்டுமா? வேறு வடிவத்தில் கிடைக்குமா?

பாஸ்பரஸ் பொடி உணவோடு போயே ஆக வேண்டும். அது உடம்புக்குள் போய் வேலை செய்வதில்லை. குடலில், சாப்பாட்டிலுள்ள பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறுவதுதான் அதன் வேலை. வெறும் வயிற்றில் கொடுத்தால் பிடிக்க ஆளில்லை. பொட்டாசியமும் உணவோடு போனால்தான் வயிற்றைப் புரட்டாது. அதிலும் பொட்டாசியம் குளோரைடு நாக்கைக் கடிக்கும், குளுக்கோனேட் வடிவம் தேவலை. பி12-ஐ ஊசியாகப் போட்டுவிடலாம். கிண்ணத்திலிருந்து ஒரு பொருள் குறைந்தது. டாரின் என்ற சத்து உங்கள் சீட்டில் இருந்தால், அதன் பொடிக்குச் சுவையே இல்லையென்று சொல்லலாம், கலப்பதில் எளிது. பால்சோறும் தயிர்சாதமும் தின்று வளரும் நம் ஊர்ப் பூனைகளுக்குத் தேவைப்படக்கூடியதும் இதுதான். டாரின் குறைந்தால் பூனையின் இதயம் வீங்கித் தளர்ந்துபோகும் என்பதை, கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக மருத்துவர்கள் 1987-இல் காட்டினார்கள். அதன் பிறகுதான் டின் உணவுகளில் டாரின் அளவு கூட்டப்பட்டது.

இன்னொன்று. ஆன்டிபயாடிக் போன்ற மருந்துகளை இந்த வழிகாட்டியின் முறையில் சிறிது சிறிதாகக் கொடுக்கக் கூடாது. அவை முழு அளவில், குறித்த நேரத்தில் போக வேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை கொடுத்தால் உடனே 5 மில்லி தண்ணீராவது உள்ளே போக வேண்டும். உணவுக்குழாயில் ஒட்டி நின்றால் புண்ணாக்கிச் சுருக்கிவிடும். பாஸ்பரஸ் பொடியும் சில ஆன்டிபயாடிக்குகளும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். எத்தனை மணி நேர இடைவெளி என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: வீட்டு மருந்துப் பெட்டியைப் பூட்டுங்கள்

நல்லது செய்வதாக நினைத்து நாமே கொன்றுவிடக்கூடிய இடம் இது. கொஞ்சம் நின்று படியுங்கள்.

பாரசிட்டமால் பூனைக்கு நஞ்சு. ஒரு மாத்திரை போதும் உயிர் போக. “கால் மாத்திரைதான்” என்ற பேச்சே கூடாது.

“பி12 தானே, அப்பாவின் நரம்பு மாத்திரையில் இருக்கிறதே” என்று எனக்கும் தோன்றியது. அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தேன். மெதைல்கோபாலமினோடு (பி12தான்) ஆல்ஃபா லிப்போயிக் அமிலமும் 100 மில்லிகிராம் இருந்தது. சர்க்கரை நோயாளிகளின் நரம்பு மாத்திரைகளில் இந்தக் கூட்டு சகஜம். அந்த அமிலம் பூனையின் கல்லீரலைத் தாக்கும். நாயைவிடப் பூனைக்கு அது பல மடங்கு கொடியது. அட்டையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மீன் எண்ணெய் என்று டாக்டர் எழுதினால் அது மீனின் உடம்பிலிருந்து எடுப்பது. சின்ன வயதில் நமக்குக் கொடுத்த மஞ்சள் மாத்திரை பெரும்பாலும் மீன் ஈரல் எண்ணெய். அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகுதி. இரண்டும் பூனையின் உடம்பில் தேங்கித் தீங்கு செய்யும்.

வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு எதுவும் ஆகாது. ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். குழம்பிலிருந்து எடுத்த கறியைக் கழுவிக் கொடுப்பது நம் வீடுகளின் வழக்கம். கழுவினால் மசாலா போகும், உள்ளே ஊறிய சாறு போகாது. சூப் கட்டி, சூப் பொடி பெரும்பாலானவற்றில் வெங்காயமும் உப்பும் இருக்கும்.

படி 6: ஒரு வாரம் ஒன்றும் கலக்காதீர்கள்

டாக்டர் அவசரமில்லை என்று சொன்னால், முதல் வாரம் சுத்தமான உணவு மட்டும். இந்த வாரத்தில் மூன்று வேலை.

முதலாவது அளப்பது. 4 கிலோ பூனைக்கு ஓய்வு நிலையில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 கலோரி தேவை. டின்னிலும் பாக்கெட்டிலும் 100 கிராமுக்கு எவ்வளவு என்று போட்டிருப்பார்கள். போடாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள். சமையலறைத் தராசில் வைத்ததையும் மிஞ்சியதையும் நிறுத்து எழுதுங்கள். ‘ஏதோ கொஞ்சம் சாப்பிட்டா’ என்பது கணக்கில்லை. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நிறுத்துப் பார்த்தபோது பூசணி குழம்பை மட்டும் நக்கிவிட்டுத் துண்டுகளை அப்படியே விட்டிருந்தாள்.

இரண்டாவது இடம். பழைய கிண்ணம், பழைய மூலை இரண்டும் கசந்து போயிருந்தால் மாற்றுங்கள். குழிக்கிண்ணத்துக்குப் பதில் தட்டையான பீங்கான் சாசர். மணல் தட்டுக்கு அருகில் வைக்காதீர்கள், நாமே கழிப்பறை வாசலில் இலை போடுவோமா? மிக்ஸி, வாஷிங் மெஷின் சத்தம் வேண்டாம். எறும்புக்குப் பயந்து சாக்கட்டிக் கோடு கிழிக்காதீர்கள். அதில் இருப்பது பூச்சிக்கொல்லி, பூனை அதை மிதித்துவிட்டுப் பாதத்தை நக்கும். பெரிய தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் சாசரை வைத்தால் போதும். நம் வெயிலுக்கு ஈர உணவு ஒரு மணி நேரம்கூடத் தாங்காது. இருபது நிமிடம் வைத்துவிட்டு எடுத்துவிடுங்கள். நாள் முழுக்கக் கிடக்கும் உணவு பசியைக் கெடுக்கும்.

மூன்றாவது, எதை விரும்புகிறது என்ற பட்டியல். ஒரே நேரத்தில் ஐந்து வகை பரப்பிக் கல்யாணப் பந்தி போடாதீர்கள். வேளைக்கு ஒன்று. முதல் மூன்று இடம் எது என்று தெரிந்துவிடும். அந்த முதலிடத்தை மருந்துக்குப் பயன்படுத்தாதீர்கள்! முதலிடம் எப்போதும் சுத்தமாக இருக்கட்டும். இரண்டாமிடம், மூன்றாமிடம்தான் மருந்து சுமக்கும் வண்டி. பூசணி விஷயத்தில் நான் கோட்டைவிட்டது இங்கேதான்.

படி 7: கடுகு, மிளகு, குன்றிமணி

இனி கலக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பொருள். நான்கையும் ஒன்றாகத் தொடங்கினால் எதை வெறுக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. வாடையும் சுவையும் குறைந்ததில் தொடங்குங்கள், கசப்பானதைக் கடைசிக்கு வையுங்கள். சிறுநீரக உணவுக்கு மாற்றச் சொல்லியிருந்தால் அதையும் இதே வாரத்தில் தொடங்காதீர்கள். அது தனிப் பயணம், வாரக்கணக்கில் போகும்.

பொடியைக் கல்வத்தில் மாவாக அரைத்து, தூசியாகச் சலித்துக்கொள்ளுங்கள். நறநறப்பு நாக்கில் பட்டால் ஆட்டம் முடிந்தது. மாத்திரையைப் பொடிக்குமுன் கேட்டுவிடுங்கள். சிலவற்றின் மேலுறை குடலில் கரைவதற்காகவே போட்டது, அதை உடைக்கக் கூடாது.

முதல் நாள் கடுகளவு பொடி. கிராமில் எடை பார்க்காதீர்கள், கத்தி நுனியில் ஒட்டுவது போதும். அதை ஒரு டீஸ்பூன் உணவில் முழுதாகக் கரையுங்கள். பூனை நன்றாகப் பசித்திருக்கும் வேளையில் இந்த ஒரு ஸ்பூனை மட்டும் வையுங்கள். நக்கித் தீர்த்ததும், உடனே, முதலிட உணவு சுத்தமாக வர வேண்டும். இந்த வரிசை முக்கியம்: மருந்து ஸ்பூன் முன்னால், விருந்து பின்னால். முழு உணவிலும் கலந்தால் பாதியில் எழுந்து போகும்போது எவ்வளவு மருந்து போயிற்று என்று தெரியாது, முழு உணவும் கெட்டுவிடும். ஒரு ஸ்பூனில் கலந்தால் போவது ஒரு ஸ்பூன்தான். பாஸ்பரஸ் பொடிக்கும் இது பொருந்தும். உணவை ஒட்டி முன்னால் போனால் இரண்டும் வயிற்றில் சேர்ந்துவிடும்.

மூன்று நாள் தகராறில்லாமல் போனால் மிளகளவு. இன்னும் மூன்று நாள், குன்றிமணி அளவு. இப்படியே டாக்டர் சொன்ன அளவை நோக்கி. எங்கே முகம் திருப்புகிறதோ அங்கிருந்து ஒரு படி இறங்கி நாலு நாள் நில்லுங்கள். பூசணி பாஸ்பரஸ் பொடியில் முழு அளவை எட்ட பத்தொன்பது நாள் ஆயிற்று. “தட்டுல இருக்கிற நல்ல சாப்பாட்டால பிரயோஜனம் இல்லைங்க, வயித்துக்குள்ள போறதுதான் கணக்கு” என்பார் எங்கள் டாக்டர். அவர் சிறுநீரக உணவைப் பற்றிச் சொன்னது, மருந்துக்கும் சரியாகவே இருந்தது.

பூனை சாப்பிடும்போது பக்கத்தில் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்காதீர்கள். உங்கள் பதற்றமும் வாடைபோல்தான், அதற்குத் தெரியும். நான் காய் நறுக்குவதுபோல் முதுகைக் காட்டிக்கொண்டு எவர்சில்வர் டப்பாவின் மூடியில் பார்ப்பேன்.

படி 8: எதில் கலப்பது?

ஒரு கோழி நெஞ்சுத் துண்டை மூழ்கும் அளவு தண்ணீரில் வேகவிடுங்கள். உப்பு, பூண்டு, மிளகு எதுவும் வேண்டாம். வெந்த நீரைக் கொட்டாதீர்கள். டாரினில் ஒரு பங்கு அந்த நீரில்தான் இறங்கியிருக்கும், வாசனையும் அங்கேதான். கறியை அதே நீர் விட்டு மிக்ஸியில் அடித்தால் தோசைமாவுப் பதத்தில் ஒரு குழைவு கிடைக்கும். ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் வேளைக்கு ஒரு கட்டி எடுத்துச் சூடாக்கலாம். பொடிகளுக்கு இதைப்போல் தோதான வண்டி வேறில்லை. ஆனால் இதுவே முழு உணவாகாது. வெறும் கோழிக்கறியில் கால்சியம் முதல் பல சத்துகள் போதிய அளவு இல்லை.

நெத்திலி, மத்தி (நாகர்கோவில் பக்கம் சாளை) வாசனைக்கு அடித்துக்கொள்ள ஆளில்லை. வேகவைத்தே கொடுங்கள். இந்த மீன்களைப் பச்சையாகத் தொடர்ந்து கொடுத்தால் அதிலுள்ள நொதி வைட்டமின் பி1-ஐ அழிக்கும். பி1 குறைந்தால் பசியே போய்விடும். சிறுநீரக நோயாளிக்கு மீனில் பாஸ்பரஸ் அதிகம் என்பதால் தொட்டுக்கொள்ளும் அளவோடு நிறுத்துங்கள். கருவாடு உப்பு மூட்டை, அந்தப் பேச்சே வேண்டாம்.

கடையில் கிடைக்கும் நக்கும் வகைக் குழைவுப் பாக்கெட்டுகள் நல்ல வண்டி. தினமும் ஒன்றிரண்டு என்றால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சில புரோபயாடிக் பொடிகளில் விலங்குச் சாறு சேர்ப்பதால் பூனைகள் அதையே விரும்பித் தின்னும். அதைக் கசப்புப் பொடியின் மேல் தூவலாம். ஒரு துளி நெய் சில பூனைகளிடம் எடுபடும். பால் வேண்டாம், வளர்ந்த பூனைகள் பலவற்றுக்கு வயிற்றுப்போக்குதான் மிச்சம்.

படி 9: எதற்கும் மசியாவிட்டால்

இரண்டு வாரம் முயன்றும் நகரவில்லையா? கிண்ணத்தை விட்டுவிடுங்கள். வேறு கதவுகள் இருக்கின்றன.

பொடியைக் காலி ஜெலட்டின் குப்பிகளில் அடைத்து மாத்திரைபோல் கொடுக்கலாம். 4, 5 எண் குப்பிகள் சிறியவை. மேலே கொஞ்சம் வெண்ணெய் தடவிக் கொடுத்து, பின்னால் தண்ணீர். சிறு அளவு என்றால் குழைத்து முன்னங்காலின் மேல் தடவிவிடுங்கள், சுத்தக்காரப் பூனை நக்கித்தான் தீரும். பூசணி அப்படியே நடந்துபோய் அதைச் சோபாவில் துடைத்தாள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சிரிஞ்சில் கொடுப்பதானால் ஊசியை எடுத்துவிட்டு, கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டாக, அரை மில்லி அரை மில்லியாக, ஒவ்வொன்றையும் விழுங்கிய பிறகு அடுத்தது. குழந்தையை மடியில் மல்லாத்திப் பாலாடையில் புகட்டுவதுபோல் தலையைப் பின்னால் சாய்த்துவிடாதீர்கள். நேராக நுரையீரலுக்குப் போகும். எண்ணெய் எதையும் சிரிஞ்சில் பீய்ச்சக் கூடாது. எண்ணெய் நுரையீரலில் இறங்கினால் வரும் நிமோனியா பொல்லாதது. குமட்டலில் இருக்கும் பூனைக்கு வாயைப் பிளந்து உணவைத் திணிக்காதீர்கள். மத்திக்கு நேர்ந்தது உங்களுக்கே நேரும். உங்களைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

நாள்கணக்கில் உணவு இறங்காத பூனைக்குக் கழுத்துப் பக்கமாக உணவுக்குழாயில் ஒரு குழாய் பொருத்துவது உண்டு. கேட்கவே பதறும். ஆனால் உணவு, மருந்து, தண்ணீர் மூன்றும் போராட்டமில்லாமல் போய்விடும். குழாயோடே பூனை தானாகவும் சாப்பிடலாம். உடம்பு தேறியதும் எடுத்துவிடுவார்கள். கடைசி முயற்சியாகத் தள்ளிப்போடாமல், பூனைக்குத் தெம்பு இருக்கும்போதே டாக்டரிடம் பேசுங்கள். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற பெரிய இடங்களுக்கு அனுப்பினால் அலுத்துக்கொள்ளாமல் போங்கள்.

இத்தனைக்கும் பிறகு பட்டியலில் ஏதாவது ஒன்று பூனையின் சாப்பாட்டையே கெடுக்கிறது என்றால், “இது இல்லாமல் முடியுமா?” என்று டாக்டரிடம் நேராகக் கேளுங்கள். எங்களுக்கு மீன் எண்ணெயை நிறுத்தச் சொன்னார். கேட்டிருக்காவிட்டால் இன்றும் அந்த எண்ணெயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பேன்.

படி 10: ஒரு நாற்பது பக்க நோட்டு

தேதி, வைத்த எடை, மிஞ்சிய எடை, மருந்து அளவு, வாந்தி, மலம். ஆறு கட்டம். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, பூனையைத் தூக்கிக்கொண்டு நின்று எடை பார்த்து உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள். குழந்தைத் தராசு கிடைத்தால் இன்னும் துல்லியம். 4 கிலோ பூனைக்கு 200 கிராம் குறைவது, 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ குறைவதற்குச் சமம். அதற்குமேல் காத்திருக்காமல் ஃபோன் செய்யுங்கள். அலுமினியம் உள்ள பாஸ்பரஸ் பொடியால் மலச்சிக்கல் வரலாம், மலத்துக்கான கட்டம் அதற்குத்தான்.

பூசணியின் நோட்டில் மூன்றாம் மாதத்துப் பக்கம் ஒன்று இப்போது என் முன்னால் இருக்கிறது. “எடை 4.05. காலை: ஸ்பூன் சுத்தம். மாலை: முகர்ந்தாள், போய்விட்டாள். பத்து நிமிடத்தில் திரும்பி வந்து நக்கினாள். பிறகு மத்தி, 22 கிராம், சாசர் வெள்ளையாகும் வரை.”